மாப்பிள்ளை கேட்ட இரண்டு வார்த்தைகள்

என் அத்தை மீது எனக்குள்ள கோபத்துக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. அதற்குக் காரணம் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். முதுகில் அடி வாங்கியவள் நான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்தார். அவருடைய தங்கையான அத்தை பள்ளி இறுதி வகுப்பு தேறி, டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அப்பா அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அத்தை விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டாள். பேகம்பூர் பழைய பேப்பர் கடையில் வாங்கிய அகராதியை வைத்துக்கொண்டு சாயங்காலம் எனக்கு வார்த்தை சொல்லிக்கொடுப்பாள். முடிந்ததும் அகராதி அவளுடைய தகரப் பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் போய்விடும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம். பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பாராம். பெண் தெரியாது என்று தலையைக் குனிந்தால் அவரே விளக்குவார். சின்னாளப்பட்டியில் ஒரு பெண் பட்டென்று பதில் சொல்லிவிட, காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாராம். தரகர் வந்து சொன்னார்.

"தெரியாதுன்னு சொல்லு. அம்புட்டுத்தான்," என்றார் அப்பா. அத்தை தலையாட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் எனக்கு வேறு எதையும் சொல்லித்தரவில்லை. அஃபெக்ட் என்றால் பாதிப்பது, மனசைத் தொடுவது, இல்லாததை இருப்பதாகப் பாசாங்கு செய்வது. எஃபெக்ட் என்றால் விளைவு, ஒன்றை நடத்திக் காட்டுவது, கடைசியில் ஓர் 'எஸ்' சேர்ந்தால் ஒருவருடைய தட்டுமுட்டுச் சாமான்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பெண் பார்க்க வரும் நாளில் சிறுசுகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா என்னையும் விரட்டினாள். "அவ எம் பக்கத்துல இருக்கட்டும் மதினி. எனக்குக் கை நடுங்குது," என்றாள் அத்தை.

மாப்பிள்ளை கேசரியை முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கேள்வியைக் கேட்டார். அத்தை தரையைப் பார்த்தபடி, "தெரியாதுங்க," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே தெரியாது என்கிறாளே. மாப்பிள்ளை சந்தோஷமாக ஆரம்பித்தார். "மொதலாவது பாதிக்கிறதுங்க, ரெண்டாவது விளைவுங்க. அவ்வளவுதானுங்க."

"அம்புட்டுத்தான் இல்ல," என்று நான் எழுந்து நின்று மீதி நான்கையும் ஒப்பித்தேன். பாசாங்கு என்றதும் அவர் சிரித்தார்.

"அப்படியொரு அர்த்தமே கெடையாது பாப்பா."

ஜன்னலில் இருந்த அகராதியை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி அவர் மடியில் வைத்தேன். படித்தார். முகம் செத்துவிட்டது. தன் மாமாவைப் பார்த்து, "கெளம்பலாமுங்களா?" என்றார்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா புளியம் விளாரை எடுத்துவிட்டார். "ஒனக்கு எதுக்குடி இம்புட்டு வாயி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்காகப் பேசப்போய்த்தான் நான் அடி வாங்குகிறேன். 'விடுங்கண்ணே' என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அப்பாவை மறுநாளே மன்னித்துவிட்டேன். அவளோடு நான்கு மாதம் பேசவில்லை.

வாயாடி வீடு என்று பெயர் பரவி, அதற்குப் பிறகு ஒரு வரனும் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா ஒருநாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, "போய்த் தொலை," என்று அவள் முன்னால் வீசினார். தகரப் பெட்டியோடு பஸ் ஏறியவள் அகராதியை எனக்கென்று வைத்துவிட்டுப் போனாள். நான் அதைக் காலால் எத்தினேன்.

அத்தை முப்பது வருஷம் டீச்சராக இருந்தாள். அவள் நன்றாக வாழ்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே மனசாரச் செய்திருப்பேன், அடியையும் தெரிந்தே வாங்கியிருப்பேன். அதுதான் இன்னும் ஆறவில்லை. ஆனால் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடக்க வேண்டிய அகராதி, அன்றைக்கு மட்டும் என் கைக்கு எட்டுகிற ஜன்னலுக்கு எப்படி வந்தது என்று அந்த ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.