மழைத் தேர்வு

என் அக்காவைக் கட்டியவர் ஓர் அரசுப் பள்ளியில் மணி அடிக்கிறார். உத்தியோகப் பெயர் அலுவலக உதவியாளர். அந்தப் பள்ளியில் அலுவலகம் என்று ஓர் அறையே கிடையாது, அதனால் மணிதான் மிச்சம். பிள்ளைகளுக்கு அவர் 'பெல் மாமா'. எனக்கு மச்சான். அவரைப் பற்றி நான் நல்ல விதமாக நாலு வார்த்தை எழுதுகிறேன் என்றால் அக்காவே நம்ப மாட்டாள்.

மச்சானுக்குச் சட்டதிட்டம் என்றால் அப்படியொரு பயபக்தி. பள்ளிக் குழாயில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது. 'குழாயை மூடவும்' என்று மேலே எழுதியிருப்பதால் தினமும் சாயங்காலம் அந்தக் காய்ந்த குழாயை இறுக்கித் திருகிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் கூரையைப் பற்றிப் பேசித் தொலைத்தேன்.

நான் தகரக் கூரை போடுகிறவன். அந்தப் பள்ளியின் வகுப்பறைகளுக்கும் தகரக் கூரைதான். துருப்பிடித்துச் சல்லடையாகிக் கிடந்தது. மழை பிடித்தால் பிள்ளைகள் பாதிப் பேர் குடையை விரித்துக்கொண்டு உட்காருவார்கள், மீதிப் பேர் வரவே மாட்டார்கள். அரை நாள் வேலை, சும்மாவே செய்து தருகிறேன் என்றேன். அனுமதியில்லாமல் வெளியாள் கை வைக்கக் கூடாது என்றார் மச்சான். அனுமதி கேட்டு எழுதினார்கள். கூரைக்கு நிதி இல்லை, நிதி இல்லாத வேலைக்கு அனுமதியும் இல்லை என்று பதில் வந்தது.

வேறொன்றுக்கு நிதி இருந்தது. அப்போது கல்விச் சீர்திருத்தம் வந்திருந்த நேரம். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று முதலில் அளக்க வேண்டுமாம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகாம். அளப்பதற்கென்று பள்ளி வளாகத்திலேயே ஒரு தேர்வுக்கூடம் கட்டினார்கள். கான்கிரீட் கூரை, பளபளவென்று தரை, மின்விசிறி. மூலையில் ஒரு கேமரா. உள்ளே நடப்பதையும் பேசுவதையும் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், கேட்பார்கள். தேர்வு தவிர வேறெதற்கும் திறக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதிவிட்டார்கள். சாவி மச்சானிடம். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தாலாவது பிள்ளைகள் பிழைத்திருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு விதியும் வந்தது. வருகை குறைந்தால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். மச்சானின் மகள் ஐந்தாம் வகுப்பு. அந்தச் சாலையில் லாரிகள் போகிற வேகத்துக்கு, நானே சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கால் வைப்பேன். மழை வந்தால் வருகை குறையும், வருகை குறைந்தால் மகள் லாரிக்கு நடுவில் ஓட வேண்டும். வானம் இருட்டினாலே மச்சான் வாசலுக்கு வந்து மேகத்தை எண்ணத் தொடங்கிவிடுவார்.

ஒருநாள் கொட்டு கொட்டென்று கொட்டியது. தலைமையாசிரியை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து தேர்வுக்கூடச் சாவியைக் கேட்டார். பரீட்சை இல்லாமல் திறக்க முடியாது என்று மச்சான் மறுத்தார். பின்னால் பிள்ளைகள் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றன. அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை.

"அப்ப பரீட்சைன்னு பெல் அடிங்க."

மச்சான் மழையில் நின்று யோசித்தார். விதியில் எங்கேயும் இடிக்கவில்லை. போய் மணியை அடித்தார்.

உள்ளே போன பிறகுதான் அடுத்த சங்கடம். கேமரா பார்க்கிறது. தேர்வு நேரத்தில் ஆசிரியர் கேள்வியை வாசிக்கலாம், வேறெதுவும் பேசக் கூடாது. தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு பாடம் முழுவதையும் கேள்வியாகவே நடத்தினார். ஆறு மலையில்தானே பிறக்கிறது? பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்? கடைசியில் கடலில் போய் விழாமல் வேறெங்கே போகும்? பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். புரியாதவர்கள் வாய் திறக்க வழியில்லை. தேர்வுக்கூடத்தில் மாணவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பேச்சு, கையைத் தூக்கி 'அடிஷனல் ஷீட்' என்று கூடுதல் தாள் கேட்பதுதான். ஆகவே புரியாதவர்கள் அதைக் கேட்டார்கள். டீச்சர் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு அதே கேள்வியை முதலிலிருந்து மறுபடி வாசிப்பார். புரிந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கேள்வி மாறாது.

அன்றிலிருந்து மழை வந்தால் மணி, மணி அடித்தால் பரீட்சை. பிள்ளைகள் மழை நாளில்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெயிலடித்தால் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். வருகை கூடியது. மச்சான் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே தொல்லை, பிள்ளைகளுக்குப் பேச்சே கேள்வியாகப் போய்விட்டது. தட்டு முன்னால் உட்கார்ந்து, "நேத்து வச்சதைத்தானேம்மா சுட வச்சிருக்கே?" என்பாள் மச்சானின் மகள். அக்கா அதற்கும் மச்சானைத்தான் திட்டினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வருவதாகத் தகவல் வந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது, வேலை போகிறது என்று மச்சான் முடிவே கட்டிவிட்டார். வேலை போவதென்றாலும் கசங்கிய சட்டையோடு போகக் கூடாது என்று அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

வந்த அதிகாரி தலைமையாசிரியையின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். இவ்வளவு தேர்வு நடத்திய பள்ளி வேறெங்கும் இல்லையாம். என்ன ரகசியம் என்று கேட்டார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே மச்சானைக் கைகாட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அதிகாரி நேருக்கு நேர் கேட்கிறார், இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. மழை வந்தால் அடிப்பேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் கையோடு அழைத்துப்போய் வகுப்பறையையும் ஒழுகலுக்கு வைத்த வாளிகளையும் ஓட்டை வழியே தெரிந்த வானத்தையும் காட்டினார். அதிகாரி நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாராம். கண் கலங்கியதா, சொட்டு விழுந்ததா, மச்சானுக்குத் தெரியவில்லை. இதை மேலே எடுத்துச் செல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் ஓட்டமும் நடையுமாக என் வீட்டுக்கு வந்தார். கூரை வந்துவிடும் மாப்ள, சாமானெல்லாம் எடுத்து வை என்றார். நானும் முட்டாள்தனமாக எடுத்து வைத்தேன்.

ஆணை வந்தது. எங்கள் பள்ளி இனி மாதிரிப் பள்ளி. ஒழுகுகிற கூரையின் கீழ் இருக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வெழுதும் ஆர்வம் பெருகுவதை ஆய்வுக்குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே அந்தக் கூரையை யாரும் தொடக் கூடாது. மாதிரிப் பள்ளியாக இருக்கும்வரை பள்ளியை மூடவும் மாட்டார்கள். நல்ல கூரையுள்ள பிற பள்ளிகள் பின்தங்கியிருப்பதால் அவற்றுக்கும் இதே வசதி செய்து தரப்படும். இதற்கு நிதி உண்டு.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் தகரம் கழற்றும் வேலை எனக்குத்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு செய்தேன், நானும் குடும்பம் நடத்துகிறேன். எல்லாம் நல்ல தகரம், ஒரு பொட்டுத் துரு இல்லை. கழற்றக் கழற்ற எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கழித்துப் போட்டது, நீயே கொண்டு போ என்றார்கள். வண்டியில் ஏற்றி நேரே மச்சான் வீட்டு வாசலில் இறக்கினேன்.

"பள்ளிக்கூடம் லீவுதானே மச்சான். ஏணிய மட்டும் பிடிங்க. இருட்டறதுக்குள்ள போட்டுடறேன்."

மச்சான் தகரத்தைத் தடவிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். இவ்வளவு நாளாக அவர் ஆசைப்பட்டது அதுதான், எனக்குத் தெரியும். அப்புறம் கையை எடுத்துக்கொண்டார்.

"போட்டா ஒழுகாது மாப்ள. ஒழுகலைன்னா நான் பெல் அடிக்க முடியாது. பெல் அடிக்கலைன்னா நாம மாதிரிப் பள்ளி இல்ல. மூடிடுவாங்க."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கோடை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கத்தினேன். அதற்கும் ஏற்பாடாகிவிட்டதாம். தண்ணீர் லாரி வந்து கூரைமேல் ஊற்றுமாம். குடிக்கவும் கொஞ்சம் கொடுப்பார்களா என்றேன். குழாய்க்கு நிதி இல்லை என்றார் மச்சான். அந்த நிமிஷம் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் முன்னால் வந்தாள்.

"கூரை போட்டா ஸ்கூல் இருக்காது. ஸ்கூல் இருக்கணும்னா நாங்க நனையணும். அப்படித்தானேப்பா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தகரத்தைப் பார்த்தேன். அவர் மெல்ல வலது கையைத் தூக்கினார்.

"அடிஷனல் ஷீட்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். பிறகு அதே கேள்வியை முதலிலிருந்து மறுபடி கேட்டாள்.