துப்பாக்கி நுழையாத காடு

பனி கொட்டும் எங்கள் வடகோடி மாவட்டத்தில் நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடம் கிடையாது. திறந்து வைத்தாலும் வாத்தியாரே வரமாட்டார். மான் வேட்டை தொடங்கும் நாள் அது. கல்யாணம், பல் பிடுங்குவது, கூரை மாற்றுவது எல்லாவற்றையும் அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரத்தில் செத்துப்போகிறவர்கள்கூட அடக்கத்துக்குக் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். என் கடையில் தோட்டா, கம்பளிக் கையுறை, பியர், அரசாங்கத்தின் வேட்டை லைசென்ஸ் எல்லாம் விற்கிறேன். அந்த வியாபாரத்தில்தான் வருஷம் முழுக்க என் அடுப்பு எரிகிறது. ஆகவே மான்களுக்காக உருகுகிறவள் இந்த கெர்டா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இந்த ஊரில் லைசென்ஸ் வாங்காத ஆம்பிளை ஒருவர்தான் இருந்தார். ரெய்னோ ஹர்யு. மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். நெடுநெடுவென்று உயரம். ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் வரி போடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி இருப்பார். ஒரு காலத்தில் அவரைப்போலக் குறி வைக்க இங்கே ஆள் கிடையாது. அது அவருடைய மகன் ஆர்வோ இருந்த காலம்.

ஆர்வோவுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நவம்பர் சாயங்காலம் அப்பாவும் மகனும் தங்கள் சொந்தக் காட்டுக்குள்தான் போயிருந்தார்கள். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்குச் சளி. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தான். எங்கள் பக்கத்து மான் மிரண்டால் வாலைத் தூக்கும்; அடியில் வெள்ளையாக மின்னும். அந்த மங்கல் வெளிச்சத்தில் ரெய்னோ பார்த்தது அந்த வெள்ளையை மட்டும்தான். வேட்டைக்காரர்கள் எல்லாரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. அது பல வருஷம் கழித்து வந்தது.

விபத்து என்று நீதிபதி எழுதினார். சட்டம் அவருடைய லைசென்ஸைச் சில வருஷங்களுக்குப் பறித்தது. பிறகு திருப்பிக் கொடுத்தது. அவர் வந்து வாங்கவில்லை. துப்பாக்கியை என்ன செய்தார் என்று லெம்பிக்கே தெரியாது. லெம்பி அவர் மனைவி, என் சிநேகிதி. அவள் அழுது தீர்த்தாள், சண்டை போட்டாள், ஒரு வருஷம் தன் அக்கா வீட்டில் போய் இருந்தாள், பிறகு திரும்பி வந்தாள். ரெய்னோ இதில் எதையும் செய்யவில்லை. தன் அப்பா காலத்திலிருந்து கோடாலி படாத அந்த ஹெம்லாக் என்ற ஊசியிலை மரக் காட்டை மாநில அரசாங்கத்துக்குக் காப்புக்காடாக எழுதிக் கொடுத்தார். விதித்தது ஒரே ஒரு நிபந்தனை. தானோ லெம்பியோ உயிரோடு இருக்கும்வரை, தங்கள் சம்மதம் இல்லாமல், அந்தக் காட்டுக்குள் துப்பாக்கி நுழையக் கூடாது.

மான் ஒன்றும் முட்டாள் இல்லை. பதினைந்தாம் தேதி விடியும்போது ஊரெல்லாம் வெடிச் சத்தம் கேட்கும். மான்கள் கூட்டம் கூட்டமாக ரெய்னோவின் காட்டுக்குள் போய் நின்றுகொள்ளும். வேலிக்கு வெளியே வேட்டைக்காரர்கள் வயிறெரிவார்கள். அந்த எரிச்சலெல்லாம் என் கடைக்குத்தான் வரும்.

"என்ன கெர்டா, ரெய்னோ ஓட்டல்ல ரூம் எல்லாம் ஃபுல்லாயிடுச்சாமே?" என்பான் பண்ணைக்காரன் வால்ஃப்ரிட்.

"ஆமா. உனக்கு ஒரு ரூம் போடச் சொல்லவா? எப்படியும் நீ சுட்டு ஒரு மானும் சாகப் போறதில்ல."

குளிர்காலம் வந்தால் ரெய்னோ இன்னொரு வேலை செய்வார். இதே வால்ஃப்ரிட்டிடம் வைக்கோல்கட்டு வாங்கிச் சறுக்குவண்டியில் ஏற்றி, இடுப்பளவு பனியில் இழுத்துக்கொண்டு போய் மான்களுக்குப் போடுவார். அறுபது வயது தாண்டியும் ஒரு நாள் தவறவிட்டதில்லை. "எங்கிட்டப் பேசறதவிட அதுங்ககிட்டதான் அதிகமாப் பேசறாரு" என்று லெம்பி சொல்வாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் தடுக்க மனசு வரவில்லை. அவர் செய்யும் பிராயச்சித்தம் அது என்று ஊருக்கே தெரியும். எங்களில் யாருக்கும் அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை, எனக்கும்தான்.

அப்போதுதான் தலைநகரத்தில் அந்த மசோதா வந்தது. மான் மிதமிஞ்சிப்போன காப்புக்காடுகளிலும் பூங்காக்களிலும் அளவாக வேட்டைக்கு அனுமதி. மான்களுக்குத் தீனி போடத் தடை. நிபந்தனையோடு தானமாக வந்த நிலமானால், கொடுத்தவர் உயிரோடு இருந்தால், அவர் வாயால் சம்மதம் வேண்டும். மாநிலத்தில் அப்படி இருந்த காடுகள் சொற்பம். அதில் ஒன்று ரெய்னோவுடையது. வனத்துறையிலிருந்து மார்ஸியா என்ற பெண் வந்து என் கடையில் வழி கேட்டாள்.

"அவரு கதவத் திறப்பாரு, காப்பி குடுப்பாரு, முடியாதும்பாரு. காப்பிக்காகப் போறதுன்னா போயிட்டு வா" என்றேன்.

அவள் விடவில்லை. மார்ச் மாதத்தில் மறுபடியும் வந்து, முடிவு எதுவானாலும் ஒரு தடவை தன்னோடு காட்டுக்குள் நடந்து வரும்படி கேட்டாள். லெம்பி என்னையும் துணைக்கு இழுத்தாள். பனியில் நடக்கும் அகலக் காலணிகளை மாட்டிக்கொண்டு நாலு பேரும் போனோம்.

தீனி போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி செத்துக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் பனிக்கு வெளியே காதுகள் மட்டும் தெரிந்தன. ரெய்னோவுக்கு இது புதிது இல்லை. கடுங்குளிர், அதனால் சாகின்றன, இன்னும் அதிகமாகத் தீனி போட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். மார்ஸியா கத்தியை எடுத்து, "பாக்கலாமா?" என்று அவரிடம் கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் வயிற்றைக் கிழித்தாள். உள்ளே வைக்கோல் திணித்துவைத்தது மாதிரி இருந்தது.

"சாப்பிட்டிருக்கே" என்றார் ரெய்னோ.

"வயிறு நெறைய சாப்பிட்டிருக்கு. ஆனா பட்டினியிலதான் செத்திருக்கு." அவள் குரலில் குற்றம் சாட்டும் தோரணை துளியும் இல்லை. "குளிர்காலத்துல இதுங்க வயிறு மொட்டும் குச்சியும்தான் செரிக்கும். திடீர்னு வைக்கோலப் போட்டா உள்ள போகும், செரிக்காது. நீங்க போடுறதால பத்து மைல் தூரத்துல இருக்கறதெல்லாம் இங்க வந்து நிக்குது. எட்டுற உயரத்துல இருந்த குச்சியெல்லாம் தின்னு முடிச்சாச்சு. பெரிய மான் தள்ளிவிட்டுடும், குட்டிங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது."

ரெய்னோ நிமிர்ந்து காட்டைப் பார்த்தார். நானும் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மானின் வாய் எட்டும் உயரம்வரை பச்சையே இல்லை. யாரோ கத்தரித்துவிட்டது மாதிரி நேர்கோடாக இருந்தது. பெரிய மரங்கள் நின்றன. சின்ன மரம் ஒன்றுகூட இல்லை. முழங்கால் உயரக் கன்றுக்குக்கூட வழியில்லை.

"இதுல இருக்கறதுலயே சின்ன மரம் எது?" என்று கேட்டார்.

மார்ஸியா லெம்பியைப் பார்த்தாள். லெம்பி சொன்னாள்: "ஆர்வோ இருந்தப்போ மொளச்சது, ரெய்னோ. அதுக்கப்புறம் ஒண்ணுகூட மொளச்சு வரல."

அவர் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கையால் ஊட்டி வளர்த்ததாக நினைத்த ஒரு மனிதனிடம், நீதான் கொன்றாய் என்று அந்தக் காடே சொன்னது. மகன் விஷயத்தில் ஒரு தடவை அதைக் கேட்டதே ஒரு ஆயுளுக்குப் போதும். எனக்கு மார்ஸியாமேல் அடக்க முடியாத கோபம் வந்தது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் சமையலறையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் குடிக்கவில்லை. லெம்பிதான் ஆரம்பித்தாள்.

"அந்தக் காட்டுல இன்னொரு வெடிச் சத்தம் கேட்டா நான் தாங்கமாட்டேன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருக்க. நான் தாங்கிடுவேன், ரெய்னோ. அந்தக் குட்டிங்களப் பாக்கத்தான் என்னால முடியல."

"சத்தம் இல்ல" என்றார் அவர்.

"பின்ன என்ன?"

அவர் எழுந்து சவுனா என்ற நீராவிக் குளியல் அறைக்கு விறகு போடப் போய்விட்டார்.

மே மாதத்தில் சட்டசபைக் குழு எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்கே வந்து கருத்துக் கேட்டது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு உட்கார நாற்காலி இல்லை. நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மா ரெய்னோவை மகான் என்று புகழ்ந்து, அந்தக் காட்டில் ஒரு தோட்டாகூட விழக் கூடாது என்று கண்ணீரோடு பேசினாள். வால்ஃப்ரிட் எழுந்து, அரசாங்க நிலம் எல்லாருக்கும் பொது, அதை ஓர் ஆளின் துக்கத்துக்காகப் பூட்டி வைக்கலாமா என்று கேட்டான். கேட்டுவிட்டு ரெய்னோவின் முகத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். குழுத் தலைவர் செனட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மிஸ்டர் ஹர்யு, இது உங்க நிபந்தன. நீங்க வேணாம்னா இந்த மசோதா உங்க காட்டத் தொடாது. உங்கள யாரும் கட்டாயப்படுத்தல."

ரெய்னோ எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அந்த அம்மா மகான்னு சொன்னாங்க. நான் மகான் இல்ல. எம் பையனச் சுட்டவன். பாவம் தீரட்டும்னு தீனி போட்டேன், அதுலயும் குட்டிங்கதான் செத்துச்சு." குழுவின் பக்கம் திரும்பினார். "மான் சாகறதுக்கு நான் பயப்படல. அந்தக் காட்டுக்குள்ள மறுபடியும் ஒருத்தன் இன்னொருத்தனச் சுட்டுடக் கூடாது. அந்த பயந்தான். ஆரஞ்சு சட்ட போடணும்னு சட்டம் போட்டீங்க, நல்லது. ஆனா கண்ணு எதப் பாக்க ஆசப்படுதோ அதத்தான் பாக்கும். அதுக்கு நீங்க சட்டம் போட முடியாது."

"முடியாதுதான்" என்றார் செனட்டர்.

"தெரியும். எழுதிக்குங்க. எனக்குச் சம்மதம்."

லெம்பியும் தன் இடத்திலிருந்தே சம்மதம் என்றாள். மசோதா அடுத்த வருஷம் சட்டமானது.

குலுக்கலில் பன்னிரண்டு பேருக்கு அனுமதி கிடைத்தது, வால்ஃப்ரிட்டும் அதில் ஒருவன். பதினைந்தாம் தேதி விடிவதற்குள் காட்டின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, பெரிய பிளாஸ்க்கில் காப்பியோடு போயிருந்தேன். ரெய்னோவுக்கு லெம்பி ஓர் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். அவர் வாசலில் நின்று ஒவ்வொருவனிடமும் கை குலுக்கினார், பெயரைக் கேட்டார், கேட்ட பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"என்ன பெரியவரே, டிக்கெட் கிழிச்சு உள்ள விடுறீங்களா?" என்றான் பெரிய பாலத்துக்குத் தெற்கே, நகரத்துப் பக்கமிருந்து வந்த ஒருவன். பளபளவென்று எல்லாம் புதுசாக மாட்டியிருந்தான்.

"பேரு?"

"டுவேன்."

"பாத்துச் சுடு, டுவேன்."

எல்லாரும் உள்ளே போனார்கள். வெளிச்சம் வந்தது. நாங்கள் மூவரும் வேலியோரம் நின்றிருந்தோம். முதல் வெடி கேட்டபோது லெம்பி கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான், சொன்னபடியே தாங்கிவிட்டாள். ரெய்னோ நிற்கவில்லை. வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போனார். நாங்கள் தடுப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"வால்ஃப்ரிட்!"

"யோவ், மான் ஓடிடும்யா! வாய மூடு!"

"வால்ஃப்ரிட், இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன்!"

அடுத்த பெயர். அடுத்த பெயர். ஒருவன் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னான். ஒருவன் சிரித்தான். போகப் போகச் சிரிப்பும் திட்டும் நின்று, பெயரைக் கூப்பிட்டதும் மரங்களுக்கு நடுவிலிருந்து "இருக்கேன்" என்று மட்டும் வந்தது. கடைசியில் டுவேன் பாக்கி. கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். லெம்பி என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்கும்படி. மூன்றாவது தடவை, தூரத்திலிருந்து ஒரு குரல்: "இருக்கேன் சார். நாந்தான் சுட்டேன். மான்தான், சார். போய்ப் பாத்துட்டேன். மான்தான்."

ரெய்னோ திரும்பி வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. பெரிய மரங்களுக்கு நடுவே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கத்தாமல், பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடும் குரலில் சொன்னார்:

"ஆர்வோ?"

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததை அத்தனை வருஷத்தில் தான் கேட்டதே இல்லை என்று லெம்பி பிறகு என்னிடம் சொன்னாள். காட்டில் பன்னிரண்டு பேர் துப்பாக்கியோடு இருந்தார்கள். ஒருவனும் சுடவில்லை. அவர் காது கொடுத்துக் காத்திருந்தார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும், மற்றவர்களுக்குக் காத்திருந்ததைப்போலவே அவனுக்கும் காத்திருந்தார்.

லெம்பி பனியில் நடந்து போய் அவர் தொப்பியை வாங்கித் தலையில் வைத்தாள்.

"வா, ரெய்னோ. வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.