மைக் அக்காவும் மூடாத சுவிட்சும்

கதவைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை ஓரடி தள்ளி நின்று, பிறகு தலையை மட்டும் நீட்டி, “இன்னிக்கு உங்களை எப்படிச் சொல்லட்டும்?” என்று கேட்கிறார் மைக் அக்கா. கழுத்தில் கம்பளிச் சால்வை, அது நழுவாமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப் ஒன்று, கையில் வெந்நீர்க் குடுவை. ஒப்பனை அறைகள் வரிசையாக இருக்கும் அந்த நடைவழியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இப்படித்தான் போவார். ஒரு கதவையும் விடமாட்டார்.

“அதே பேருதான், அதே ஆளுதான். மாறினா நானே தந்தி அடிக்கிறேன், போம்மா” என்று கண்மை தீட்டியபடியே சொல்லுவார் பாட்டுக்காரம்மா. அவர் திருநங்கை. அக்கா இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இந்த மேடையில் பாடிக்கொண்டிருப்பவர். அவரிடமும் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் இதே கேள்விதான். பக்கத்து அறையில் கயிற்றில் தொங்கி வித்தை காட்டும் திருநம்பி ஒருவர் போன சீசனில் தன் மேடைப் பெயரை மாற்றிக்கொண்டார். காலையில் மாற்றிய பெயரை மதியமே அக்கா கணீரென்று அறிவித்துவிட்டார். சுவரொட்டியில் அது மாற ஒரு வாரம் ஆனது.

வாசலில் ‘பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்’ என்று பலகை வைத்திருக்கும் அரங்கம் அது. பாட்டு, ஆட்டம், சாகசம், கொஞ்சம் பச்சையான நகைச்சுவை எல்லாம் உண்டு. இங்கே வருவதற்கு முன் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். “ரயிலுக்கு மனசு கிடையாது. தாமதமா வருதுன்னு ஊரறியச் சொன்னாலும் கோவிச்சுக்காது. மனுஷங்களை அப்படிச் சொல்ல முடியுமா? அந்த ரயிலே சில நாள் வேற நடைமேடைக்கு வருது. நேத்து கேட்டதை வெச்சு இன்னிக்குப் பேசினா எப்படி?” என்பார்.

அவருடைய இடம் மேடையோரம். ஒரு சாய்வு மேசை, ஒரு மைக், தலையில் ஹெட்செட். அடுத்து வருவது யார் என்று அரங்கத்துக்குச் சொல்வது பாதி வேலை. திரையையும் விளக்கையும் பார்த்துக்கொள்கிறவர்களை ஹெட்செட்டில் விரட்டுவது மீதிப் பாதி. மேசையில் இரண்டு சுவிட்சுகள். ஒன்றைப் போட்டால் அக்காவின் குரல் அரங்கத்துக்குக் கேட்கும், இன்னொன்றைப் போட்டால் ஒப்பனை அறைகளின் ஸ்பீக்கர்களில் கேட்கும். இரண்டையும் மூடிவிட்டால் ஹெட்செட் மாட்டியிருக்கிற நாலைந்து பேரோடு சரி. மேசைக்குப் பின்னால் நல்ல நாற்காலி ஒன்று இருக்கிறது, அக்கா அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் வயிறு மடியுமாம், வயிறு மடிந்தால் குரலும் மடியுமாம். சால்வைகளை மட்டும் அதில் போட்டு வைத்திருக்கிறார்.

மேடைக் குரல் தேன். வீட்டுக் குரல் வேறு. “மைக்குல பேசுறவளைத்தான் நான் கட்டியிருக்கணும். வீட்டுக்கு வர்றது அவளோட அக்கா” என்பது தையல் மிஷின் பழுது பார்க்கும் அவருடைய வீட்டுக்காரரின் நெடுநாள் புகார். புதிதாக யாராவது மேடைக்கு வரும்போது அவர்களைப் பற்றிப் பேசி வாய்க்குப் பழக்கப்படுத்திக்கொள்வதும் வீட்டில்தான். காய் நறுக்கிக்கொண்டே, “அவங்க வந்தாங்க. அவங்க ஏறினாங்க. அவங்களுக்கு எல்லாரும் கை தட்டுங்க” என்று முணுமுணுப்பார். வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து, “யாரு வந்திருக்காங்க? நான் சட்டை போட்டுக்கணுமா?” என்று கேட்பார்.

அந்தப் பயிற்சி இந்த முறை ஏணிக்காரருக்காக. எதிலும் சாயாமல் தானாக நிற்கும் ஒற்றை ஏணியில் ஏறி, உச்சியில் நின்றபடி கோட்டைக் கழற்றி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறவர். முதல் நாள் அக்கா கதவைத் தட்டிக் கேட்டபோது அவர் பதிலைத் தயாராகவே வைத்திருந்தார்.

“நான் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. அதுக்கு மேல என்கிட்ட விளக்கம் கிடையாது. அவங்கன்னு சொல்லுங்க, போதும். தம்பி, தங்கச்சி ரெண்டும் வேண்டாம்.”

‘அவங்க’ அக்காவுக்குச் சிரமமே இல்லை. சிரமம் பாசத்தில்தான் வந்தது. அக்காவுக்கு ஒருவரைப் பிடித்துப்போய்விட்டால், வயதில் சின்னவராகவும் இருந்துவிட்டால், ஒன்று தம்பி, இல்லை பாப்பா. நாக்கு அப்படியே பழகிக் கிடக்கிறது. வெறும் ‘வாங்க, போங்க’ என்று நிறுத்திக்கொள்ளலாம்; ஆனால் நடைவழியில் எல்லாரையும் உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஒருவரிடம் மட்டும் விறைப்பாகப் பேசினால், அது வாசலோடு நிறுத்தி வைத்துப் பேசுவது போல் ஆகாதா? இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் “சாப்பிட்டாச்சா கண்ணு?” என்று கேட்டுப் பார்த்தார்.

“எனக்கு நாப்பது ஆகப்போகுது” என்றார் ஏணிக்காரர்.

“கண்ணுக்கு ஏது வயசு?”

ஏணிக்காரர் சிரித்து அக்கா அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். அதிலிருந்து அக்காவுக்கு அவர் கண்ணுதான்.

ஆனால் அவருடைய பெட்டி மட்டும் கதவோரத்தில் கட்டியபடியே கிடந்தது. அறையில் கொக்கிகள் இருந்தன, அலமாரி இருந்தது. அவரோ தேவையானதை மட்டும் பெட்டியிலிருந்து உருவி எடுத்துவிட்டுத் திரும்ப மூடிவிடுவார். ஒருநாள் அக்கா பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

“தொடர்ந்து இருக்கீங்களான்னு ஞாயித்துக்கிழமை சொல்லணும்னு முதலாளி கேட்டிருக்காரு” என்றார் ஏணிக்காரர். “எல்லா இடத்துலயும் முகத்துக்கு நேரா நல்லாத்தான் பேசுறாங்க. போன இடத்துலயும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒருநாள் திரைக்குப் பின்னாடி நின்னப்ப காதுல விழுந்துச்சு. அப்புறம் அந்த ஏணியில என்னால ஏற முடியல. நான் அங்க இல்லாதப்ப என்னை எப்படிப் பேசுறாங்கன்னு தெரியாம எப்படிக்கா ஒரு இடத்துல இருக்கறது?”

என்ன விழுந்தது என்று அக்கா கேட்கவில்லை. இங்கே ஹெட்செட்டில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் லைட்டுக்காரர் பொல்லாதவர் இல்லை, பேத்திக்குத் தொட்டில் செய்கிறேன் என்று மூன்று மாதமாக மரத்தோடு மல்லுக்கட்டுகிற ஆசாமி. ஆனால் ஏணிக்காரரை அவர் ‘அது’ என்றுதான் சொல்வார். அது வந்துடுச்சா, அது ஏறிடுச்சா. அக்கா ஒவ்வொரு முறையும் திருத்துவார். அவரும் ஒவ்வொரு முறையும் “சரிம்மா” என்பார். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

சனிக்கிழமை மதியக் காட்சி. “பாட்டுக்காரம்மா தயாராகட்டும்” என்று ஒப்பனை அறைகளுக்கு அறிவித்துவிட்டு அக்கா அந்த சுவிட்சை மூடப்போன நேரம் பார்த்துத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கயிற்றை விடு, பிடி என்று ஆளை விரட்டி, திரை விலகி, பாட்டு தொடங்கியதும்தான் மூச்சு வந்தது. சுவிட்ச் அப்படியே கிடந்தது.

அதன்பிறகு இடைவேளை வரை அக்கா ஹெட்செட்டில் பேசியதெல்லாம் அறை அறையாகப் போய்ச் சேர்ந்தது. போனது அக்காவின் மைக் வழியாக, அதனால் அவருடைய குரல் மட்டும். எதிர்ப் பக்கத்துப் பேச்சு அவர் காதோடு நின்றுவிட்டது.

“ஏணி ஆட்டத்துக்கு அந்த வெள்ளை லைட்டைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே” என்றார் அக்கா. “தம்பிக்குக் கண்ணு கூசுதாம். தம்பி இல்ல, அவங்களுக்கு. அவங்களுக்குக் கூசுது. இந்த நாக்கை என்ன பண்றதுன்னே தெரியல எனக்கு.”

“விடும்மா, இங்க யாரு கேக்கப்போறா” என்றார் லைட்டுக்காரர். “லைட்டை எப்ப இறக்கணும்? அது ஏணியில கால் வெச்சதுமா, இல்ல உச்சிக்குப் போனதுமா?”

“அதுன்னு சொல்லாதீங்கண்ணே.”

“என்னன்னு சொல்றதுன்னு தெரியாமத்தான் அதுங்கறேன். என் பேத்தியைக்கூட அதுன்னுதான் சொல்றேன்.”

“பேத்தி உங்க மடியில இருக்கா. இவங்க ஏணி உச்சியில இருக்காங்க. அவங்கன்னு சொன்னா உங்க வாய் வலிக்குமா?”

“சரி, அவங்க முன்னாடி சொல்லிக்கறேன்.”

“முன்னாடி சொல்றதுக்கு நீங்க எதுக்கு? முன்னாடி எல்லாருந்தான் சொல்றாங்க. பின்னாடி சொல்லுங்க. யாரும் கேக்காத இடத்துல சொல்லிப் பழகுங்க, நானும் அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். அவங்க மேல ஏறும்போது நான் மூச்சே விடறதில்ல தெரியுமா? நாளைக்கு அவங்க போறேன்னு சொல்லிடுவாங்களோன்னு சோறு இறங்க மாட்டேங்குது எனக்கு.”

லைட்டுக்காரர், “அவங்க கால் வெச்சதும் இறக்கிடறேன்” என்றார். அக்காவுக்கு மனசு லேசாகிவிட்டது. லேசானதும் வாய் நீண்டது. அடுத்து மேடைக்கு வந்த நகைச்சுவைக்காரரைப் பார்த்து, “வந்துட்டாரு, அதே மாமியார் ஜோக்கு. அந்த மாமியாரே செத்துப்போயிருப்பாங்க, இவரு விடமாட்டேங்குறாரே” என்று சொல்லிவிட்டு வெந்நீர் குடித்தார்.

இடைவேளைக்குத் திரை விழுந்ததும் உடை தைக்கிற அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து சுவிட்சைத் தட்டி மூடினார். “ஏண்டி, ஊரே உன் பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்கு.”

மைக் அக்கா தான் பேசியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப நினைத்துப் பார்த்தார். தம்பி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அதைவிடப் பெரிதாக, ‘அது’ என்ற சொல்லைத் தன் வாயாலேயே சொன்னது நினைவுக்கு வந்தது. லைட்டுக்காரரின் குரல் போகவில்லை. அந்தச் சொல் போயிருக்கிறது. அங்கே யாரோ ஒருவர் அப்படிச் சொல்கிறார் என்பதற்கு அக்காவின் வாயே சாட்சி. ஏணிக்காரர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாரோ அது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

நடைவழியில் முதலில் மறித்தது நகைச்சுவைக்காரர். மேடையை விட்டு இறங்கியதுமே யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். “என் மாமியார் நல்லாத்தான் இருக்காங்க. போன வாரம்கூடப் பேசினாங்க” என்றார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பாட்டுக்காரம்மா தன் வாசலில் சாய்ந்து நின்று, “நாளைக்கும் அந்த சுவிட்சை மறந்து வையிம்மா, நல்லா பொழுது போச்சு” என்றார். அக்கா நேரே கடைசிக் கதவுக்குப் போய்த் தட்டினார்.

ஏணிக்காரர் பாதி ஒப்பனையில் இருந்தார். மற்ற அறைகளில் ஸ்பீக்கரை அடக்கித்தான் வைத்திருப்பார்கள், கூப்பிடுவது கேட்டால் போதும் என்று. இங்கே குமிழை முழுவதும் திருகி வைத்திருந்தார். சுவிட்ச் மூடியபிறகும் ஸ்பீக்கரின் வெறும் இரைச்சல் அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய நாற்காலியும் கண்ணாடிக்கு முன்னால் இல்லை, ஸ்பீக்கருக்கு அடியில் கிடந்தது. வந்த நாளிலிருந்தே அங்கேதான் கிடக்கிறது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“கண்ணு, நான் ஒரு இடத்துல…” என்று தொடங்கிய அக்காவுக்கு அந்தத் தேன் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

“தம்பின்னு சொன்னீங்க” என்றார் ஏணிக்காரர்.

“ஆமா.”

“யாரும் சொல்லாமலே மாத்திக்கிட்டீங்க.”

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொண்ணும் சொன்னேன். அந்த வார்த்தை என்னுது இல்ல. ஆனா யாருதுன்னு கேக்காதீங்க. அவரு ஒண்ணும் கெட்டவரு இல்ல. இன்னிக்கு சரியா சொல்லிட்டாரு, நான் காதால கேட்டேன்.”

“யாருதுன்னு எனக்கு வேண்டாம்க்கா. எங்க போனாலும் அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு ஆள் இருக்கத்தான் செய்றாங்க. நான் இல்லாத இடத்துல அதைத் திருத்துறதுக்கு ஒரு ஆள் இருந்து இதுவரைக்கும் நான் கேட்டதில்ல.” அவர் பஞ்சால் நெற்றியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். “நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க.”

அக்காவுக்குக் கண் நிறைந்து, உடனே சிரிப்பும் வந்தது. இவ்வளவு நேரம் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. விட்டதும் முதுகு முழுக்க வலித்தது. இடைவேளை முடிய இன்னும் நேரம் இருந்தது. உள்ளே வந்து, குடுவையைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினார்.

ஏணிக்காரர் அதை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு எழுந்து, எட்டி, ஸ்பீக்கரின் குமிழை இரைச்சல் அடங்கும்வரை திருகிவிட்டு, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.