சொட்டக்காவின் கையும் காணாமல்போன மருந்தும்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒருவரும் இல்லை. தலைமை விஞ்ஞானியான மேடத்திலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் சொட்டக்கா. பாட்டில் கழுவுகிற வேலைக்கு வந்தவள், இருபத்திரண்டு வருஷத்தில் மருந்தை அளந்து கலக்குகிற மேசைக்கு நகர்ந்து, அங்கேயே நிலைத்துவிட்டாள். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். முக்கால் சொட்டும் கிடையாது, ஒன்றேகால் சொட்டும் கிடையாது.

சுத்தத்திலும் அதே பிடிவாதம். மருந்தை நீர்க்கவைக்கிற ஒவ்வொரு படிக்கும் புதுப் பிளாஸ்டிக் குழாய், உறிஞ்சுகிற கருவிக்குப் புது முனை. முடிவில் மேடம் கையெழுத்துப் போடும் வரை பழைய குழாய்களைக் குப்பையில் போடவும் விடமாட்டாள். பக்கத்து மேசைக்காரன், எதையும் ஓட்டமும் நடையுமாகச் செய்து ‘அவசரம்’ என்று பட்டம் வாங்கியவன், சொட்டக்காவிடம் கேட்டால் தண்ணீரைக்கூடக் குளிப்பாட்டித்தான் கொடுப்பாள் என்று கூடமெங்கும் சொல்லித் திரிந்தான். அவளும் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

புது மருந்து வந்ததும் அந்தச் சிரிப்பு போயிற்று. அது உடம்பில் ஒரு புரதம் சரியாகச் சுரக்காத குழந்தைகளுக்கான மருந்து. மருந்தும் ஒரு புரதம்தான். தண்ணீரில் நன்றாகக் கரையும்; கரைவதால் உடம்பில் தங்காமல் சில மணி நேரத்தில் வெளியே போய்விடும். தினம் ஒரு ஊசி குத்தியாக வேண்டும். இதற்கு வழி தேடிய மேடம், அந்தப் புரதத்தோடு ஒரு கொழுப்பு வாலை வேதியியல் முறையில் இணைத்தார். வால் சேர்ந்ததும் அதன் குணமே மாறிவிட்டது. தண்ணீர் என்றால் ஆகாது. இரத்தத்தில் எதையாவது பற்றிக்கொண்டு ஒரு வாரம் அசையாமல் நிற்கும். ஏழு ஊசிக்குப் பதில் ஒரே ஊசி. நல்ல யோசனைதான், சும்மா சொல்லக்கூடாது.

அந்த வால் வைத்த மருந்து பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது சொட்டக்காவின் பொறுப்பு. ஐந்து குழாய்களில் படிப்படியாக நீர்க்கவைத்து, கடைசிக் குழாயில் இருப்பதை இயந்திரத்தில் கொடுத்தாள். நூறு வரவேண்டிய இடத்தில் முப்பத்துமூன்று வந்தது. இயந்திரத்துக்குத்தான் ஏதோ கோளாறு என்று மறுபடி செய்தாள். மறுபடியும் முப்பத்துமூன்று. அதே பாட்டிலிலிருந்து அவசரம் எடுத்தான். ஐந்து குழாய்க்கு அவனுக்கு ஏது பொறுமை? ஒரே பெரிய குழாயில் மொத்தமாக ஊற்றிக் கலக்கிக் கொடுத்தான். எண்பது வந்தது. பாவம், அவனே வெட்கப்பட்டுப்போனான்.

மேடம் கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவளைத் தன் அறைக்கு அழைத்து உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “ஒரு ஆறு மாசம் ஸ்டோர்ல இருந்து பாருங்களேன். கைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.” திங்கட்கிழமையிலிருந்து என்று தேதியும் சொல்லிவிட்டார். சொட்டக்கா தலையாட்டிவிட்டு வந்தாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வருஷம்தான் கண்ணாடியின் பவர் கூடியிருந்தது. வீட்டில் யாரும் பார்க்காதபோது ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, சமையலறையிலிருந்து கூடம் வரை நடந்து பார்த்தாள். சிந்தவில்லை. ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை. ஸ்டோரில் பெட்டி எண்ணுவது கேவலமான வேலை இல்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கையும் அந்த மேசையும்தான். கை போய்விட்டால் தான் யார்?

வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை முயன்றாள். இந்தத் தடவை இன்னும் நிதானமாக, இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கவைத்து, ஏழு குழாய்களில் செய்தாள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் செய்தாள். இருபத்தொன்று வந்தது. அதைப் பார்த்ததும், சரி, என் கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவதால் பாத்திரம் கழுவுவது அவர் பங்கு, அதைப் பற்றி முணுமுணுப்பதும் அவர் பங்கு. அன்றைக்கு அவர் கையில் அகப்பட்டது அவளுடைய பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா.

“நாலு தண்ணி ஊத்திட்டேன், பிசுக்கு போறதா பாரு. தண்ணியெல்லாம் ஓடிடுது, எண்ணெய் மட்டும் டப்பாவோடயே குடித்தனம் பண்ணுது.”

சொட்டக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி அப்படியே நின்றது. ஒரு டப்பா என்றால் ஒரு டப்பா பிசுக்கு. ஏழு டப்பாவில் மாற்றி மாற்றி ஊற்றினால்? அவள் டப்பாவைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் ஒழுங்காகத்தான் கழுவியதாக அவர் சாதித்துக்கொண்டிருந்தார். அது அவள் காதில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போனாள். நேற்றைய ஏழு குழாய்களும் தாங்கியில் அப்படியே இருந்தன. உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, வெறும் குழாய்களில் சோப்பு போல வேலை செய்கிற திரவத்தைக் கொஞ்சம் விட்டுக் குலுக்கினாள். அந்தக் கழுவிய நீரை இயந்திரத்தில் கொடுத்தாள். காணாமல்போன மருந்து அங்கே உட்கார்ந்திருந்தது. ஒன்றிலா இரண்டிலா, ஏழு குழாய்களின் சுவரிலும் ஒட்டிக்கொண்டு.

அத்தோடு விடவில்லை. அதே திரவத்தில் ஒரு துளியை முன்னதாகவே எல்லாக் குழாய்களிலும் விட்டு, ஏழு படிகளையும் மறுபடி செய்தாள். தொண்ணூற்றேழு. பிறகு அவசரத்தைப் பிடித்து நிறுத்தி, துளி இல்லாமல் ஏழு குழாய்களில் செய்யச் சொன்னாள். அவன் கையால் இருபத்துமூன்று வந்தது. வால் இல்லாத பழைய மருந்து தண்ணீரோடு ஒத்துப்போனதால் எத்தனை குழாய் மாற்றினாலும் குறையவில்லை. இது வால் முளைத்த மருந்து, போகிற ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒண்டிக்கொண்டது. அவள் எவ்வளவுக்குக் கவனமாக இருந்தாளோ அவ்வளவுக்குச் சுவர்கள் கூடின, மருந்து குறைந்தது. அவசரம் சோம்பேறித்தனத்தால் தப்பித்தான்.

மேடம் வந்து மூன்று சோதனைகளின் முடிவுத் தாள்களையும் இரண்டு தடவை படித்தார். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தானே, எனக்கு எப்படித் தோன்றாமல்போயிற்று என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “தண்ணி வேணாம்னு அதுக்குப் பழக்கிவிட்டதே நாமதான். அப்புறம் தண்ணிக்குள்ளயே தேடிட்டு இருந்திருக்கோம்.” சிரித்து முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. ஊசிக்குழலும் பிளாஸ்டிக்தான். இதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் குழந்தையின் உடம்புக்குப் போகவேண்டிய மருந்தில் ஒரு பங்கு ஊசிக்குழலிலேயே தங்கியிருக்கும். மருந்தில் சேர்க்கவேண்டிய துளியின் அளவைச் சொட்டக்காவே முடிவு செய்யவேண்டும் என்றார். ஸ்டோருக்கு அங்கிருந்தே போன் போட்டு, திங்கட்கிழமை யாரும் வரவில்லை என்று சொன்னார்.

சொட்டக்காவுக்கு அப்போதுதான் கால் வலித்தது. காலையிலிருந்து உட்காரவே இல்லை. நாற்காலியில் விழுந்தாள். நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று, கண்ணில் நீர் தளும்பியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவசரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தாங்கியை அடுக்கினான்.

மேடம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். “மன்னிச்சுக்கோங்க. ஆனா அன்னிக்கு என் ரூம்ல நீங்க ஏன் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசல? என் கை தப்பு பண்ணாதுன்னு சொல்லியிருக்கலாமே.”

சொட்டக்கா தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சந்தேகப்பட்டது பரவால்ல மேடம். உங்களுக்கு நம்பர்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கைகூடவே இருக்கேன், நானும் உங்களோட சேர்ந்துக்கிட்டேன் பாருங்க, அதுதான் தாங்கல.”