கொண்டைக்கு இடம் விட்ட குல்லா

ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையில் நான் வேலை பார்க்கும் இந்த ஊரில், பேருந்தில் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். தினமும் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்கும் தெரியாது. எங்கள் ஊர் கம்பத்தில் பஸ் ஏறி உத்தமபாளையத்தில் இறங்குவதற்குள், பக்கத்தில் இருப்பவர் மகளுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கிறார் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டு பழகியவன் நான். முதல் வருடம் முழுக்க வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் பையிலிருந்து ஊசியையும் உல்லன் நூலையும் வெளியே எடுத்தால் கதையே வேறு. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பின்னால் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். நின்றுகொண்டு வரும் யாரோ ஒருவர், கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, பின்னலில் நான் ஒரு கண்ணியை நழுவவிட்டதை விரல் நீட்டிக் காட்டுவார். மழையைத் தவிர வேறெதையும் பேசாத ஜனங்கள், என் மடியில் வளரும் குல்லாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மட்டும் கூச்சப்படுவதில்லை.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியன். மீசை வைத்த ஆண்பிள்ளை உட்கார்ந்து நூல் பின்னுவது இங்கே பெரிய அதிசயமில்லை. ஊரில் சொன்னால்தான் சிரிப்பார்கள். குளிர்காலத்தில் பிற்பகலிலேயே இருட்டிவிடும் இந்த ஊரில், கைபேசியைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன ஒரு நாள், அதே கைபேசியில் பின்னல் சொல்லித் தரும் காணொளி ஒன்று கண்ணில் பட்டது. விரல்களுக்கு இது முற்றிலும் புதிய வேலையில்லை. பள்ளிக்கூட விடுமுறைகளில் அக்காவும் நானும் சேர்ந்து பிளாஸ்டிக் ஒயர் கூடை போட்டிருக்கிறோம். அடிப்பாகம் என் பொறுப்பு, கைப்பிடி அக்காவுடையது. சிவன்கண் முடிச்சுப் போட்ட விரலுக்கு ஆட்டு ரோமம் என்ன பெரிய சவாலா என்று நினைத்தேன். சவால்தான். முதல் ஜோடி காலுறையில் ஒன்று எனக்குப் பொருந்தியது, மற்றது யானைக்குப் பொருந்தியிருக்கும். மரச்சட்டத்தில் ஆணி அடித்து ஒரு குட்டித் தறி செய்து, அதில் மேசை விரிப்பு நெய்தேன். அது ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி, கடைசியில் வாசலில் மிதியடியாகக் கிடக்கிறது. ஆனாலும் விடவில்லை. அடுத்த குளிர்காலம் வருவதற்குள் இரண்டு நிற நூல்களைக் கோத்து நட்சத்திரம் விழுகிற மாதிரி பின்னத் தேறிவிட்டேன்.

தேறியதும் அக்கா ஞாபகம்தான் வந்தது. கம்பத்திலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் அவளும் ஒருத்தி. விடியும் முன்னே ஜீப் வந்துவிடும். கீழே புழுக்கம், கம்பம்மெட்டு வளைவுகளில் ஏற ஏறப் பனிக்காற்று இரண்டு பக்கமும் அடிக்கும். திரும்பி வரும்போது காதுக்குள் குத்தல். வருடம் பூராவும் அவள் வீட்டில் தைல வாசனை அடிக்கும். சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து நானும் ஜாக்கெட், கையுறை, காதுமூடி என்று வாங்கி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டன. "நல்லா இருக்குடா. அதான் அழுக்காகாம வச்சிருக்கேன்" என்பாள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, நீங்கள் அனுப்பியதும் அப்படித்தான் அந்துருண்டை வாசனையோடு மடிந்து கிடக்கும். சந்தேகமிருந்தால் அடுத்த விடுமுறையில் திறந்து பாருங்கள். எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அக்கா பீரோவில் வைக்காமல் தலையில் போட்டுக்கொண்டு மலையேறும்படி ஒரு பொருளை என் கையால் செய்ய வேண்டும்.

அப்படித்தான் நட்சத்திரம் வைத்த முதல் குல்லாவைப் பேருந்தில் பின்ன ஆரம்பித்தேன். தினமும் அதே பேருந்தில் வரும் ஷீனா என்ற அம்மாள், யாருக்கு என்று கேட்டார். இந்தியாவில் இருக்கும் என் அக்காவுக்கு என்றேன். அவர் முகம் மாறியது.

"இந்தியாவிலா? பாவம், உடம்புக்கு முடியவில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்காவின் காது வலி இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். "ஆமாம், ரொம்ப நாளாக அவஸ்தைப்படுகிறாள்" என்றேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் ஊதா நிறத்தில் ஒரு நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தொட்டால் முயல்குட்டி மாதிரி இருந்தது. உங்கள் அக்காவின் தலைக்குக் குத்தாது என்றார். அதற்குள் முதல் குல்லாவைத் தபாலில் அனுப்பியிருந்தேன். இந்த நூலைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

முதல் குல்லா போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருநாள் வீடியோ அழைப்பில், அக்கா வீட்டு அடுப்படித் திண்டில் என் நட்சத்திரங்கள் தெரிந்தன. குல்லாவுக்குள் டீ பிளாஸ்க் நின்றுகொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதடா. கொண்டை மேல அது நிக்க மாட்டேங்குது. ஜீப்பு குலுங்குனா குல்லா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நெத்தியும் அரிக்குது. பிளாஸ்க்குக்கு மாட்டுனேன், மத்தியானம் வரைக்கும் டீ சூடா இருக்கு."

"கொண்டைக்குப் பதிலா சடை போட்டா என்னக்கா?"

"குனிஞ்சு காய் எடுக்கையில சடை செடியில மாட்டிக்கிரும். நீ வந்து எடுத்து விடுவியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல, என்மேல்தான். பின்னுவதற்கு முன் அவள் தலைச் சுற்றளவை நூல் வைத்து அளந்து சொல்லச் சொன்னேன். காதுவரை இறங்க வேண்டும் என்று உயரம் கேட்டேன். பிறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கொண்டையை அடியோடு மறந்துபோனேன். இந்த ஊர் மாதிரிப்படத்தை அப்படியே பார்த்துப் பின்னியதில், இந்த ஊர்த் தலைக்கே பின்னியிருக்கிறேன்.

மறுபடி உட்கார்ந்தேன், இந்தத் தடவை ஷீனா கொடுத்த ஊதா நூலோடு. கூடையைக் கவிழ்த்தால் குல்லாதானே. கூடைக்கு எங்கே வேண்டுமானாலும் வாய் வைக்கலாம் என்றால் குல்லாவுக்கு ஏன் வைக்கக் கூடாது? பின்பக்கத்தில், பொத்தான் துளை போடுவது போலக் கண்ணிகளை மூடி மறுவரிசையில் திறந்து, ஓரத்தை இழுத்தால் விரியும்படி பின்னினேன். முதலில் துளை பெரிதானது. பிரித்தேன். பிறகு கழுத்துக்கு இறங்கிவிட்டது. அதையும் பிரித்தேன். கடைசியில் கூடத்து நாற்காலி முதுகில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கட்டி, அதற்கு மாட்டிப் பார்த்துச் சரிசெய்தேன். பக்கவாட்டில் காதை மூட இரண்டு மடல், நாடியில் முடிச்சுப் போட இரண்டு கயிறு. கடைசிக் கண்ணியை மூடியபோது நான் பேருந்தில் இருந்தேன். ஷீனா துளையைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்றார். முடிக்கு என்றேன்.

"முடியா? முடி வளர்ந்துவிட்டதா?" என்று எழுந்தே விட்டார். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ கை தட்டினார். அப்போதுதான் அந்த அம்மாள் இத்தனை நாளாக அக்காவுக்கு என்ன நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைத்தது. வெயில் நாட்டில் கம்பளிக் குல்லா கேட்பவளுக்கு, முடி கொட்டவைக்கும் புற்றுநோயைத் தவிர வேறென்ன இருக்க முடியும் என்பது அவர் கணக்கு. கைபேசியில் அக்காவின் கொண்டையைக் காட்டி, மலையைக் காட்டி, ஜீப்பைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார். நூலைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டதற்கு, காதுவலியும் வலிதானே என்றார்.

இந்தத் தடவை தபாலை நம்பவில்லை. விடுமுறைக்கு நானே கொண்டுபோனேன். அக்கா கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். "பூனைக்குட்டியாட்டம் இருக்கு" என்றாள். கண் மெல்ல பீரோ பக்கம் போனது. நான் பதறிப்போய், நாளைக்கு நானும் ஜீப்பில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விடியும் முன் ஜீப் வந்தது. உறைபனியில் வேலைக்கு நடந்து போகிறவன் நான், கம்பம்மெட்டுக் குளிர் என்ன செய்துவிடும் என்ற மிதப்பில் அரைக்கைச் சட்டையோடு ஏறினேன். எல்லாப் பெண்களும் துண்டால் தலையைச் சுற்றியிருந்தார்கள். அக்கா தலையிலும் துண்டுதான். குல்லா அவள் சாப்பாட்டுக் கூடைக்குள் இருந்தது. மூத்தவரான பேச்சியம்மா அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, சீமைக்குப் போயி பின்னல் போடுறியாமுல்ல?"

"வேலை நர்ஸு வேலைதான் அத்தை. இது பொழுதுபோக்கு."

"பொழுது போகலேனா இங்கன வா. காய் எடுக்க ஆளு பத்தல."

"அங்கன ஆம்பளைகளும் பின்னுவாகளாம் அத்தை" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே துண்டை அவிழ்த்தாள். கூடைக்குள்ளிருந்து குல்லாவை எடுத்து மாட்டி, பின்னால் கைவிட்டுக் கொண்டையை வெளியே இழுத்து, நாடியில் கயிற்றை முடிந்தாள். ஜீப் முதல் பெரிய வளைவில் எகிறியது. குல்லா அசையவில்லை. அடுத்த வளைவிலும் அசையவில்லை. நான் மூச்சு விட்டேன். அத்தை அந்தத் துளையை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"எங்கன வாங்குனது?"

"வாங்கல. எந்தம்பி பின்னுனது" என்றாள் அக்கா, ஜீப்புக்கே கேட்கும்படி.

அவ்வளவுதான், ஆளாளுக்கு அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கொண்டை எலுமிச்சம்பழம்தான், நூல் மிச்சம். ஒருத்திக்குச் சாத்துக்குடி. பேச்சியம்மா அத்தை தேங்காய் என்றார். அதில் பாதி சவுரி என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் வாழ்நாளில் இத்தனை சந்தோஷப்பட்டதில்லை. ஆனால் பதில் சொல்லத்தான் முடியவில்லை, பற்கள் அடித்துக்கொண்டன. அக்கா பார்த்தாள். அவிழ்த்து வைத்திருந்த துண்டை என் தலையில் போட்டுக் காதைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். ஏலக்காயும் எண்ணெயும் கலந்த வாசனை அடித்தது.

கேரள எல்லையில் சோதனைச் சாவடிக்காரர் ஜீப்புக்குள் டார்ச் அடித்தார். அவருக்குத் தெரியாத என் முகத்தில் வெளிச்சம் நின்றது. பணிக்காணோ என்று மலையாளத்தில் கேட்டார். வேலைக்கா என்று அர்த்தம். உலகத்து விமான நிலையங்களிலெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எதற்கு வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள், நான் தாள்களைத் தேடித் துழாவுவேன். பழக்கதோஷத்தில் கை சட்டைப் பையைத் தடவியது.

"ஆமா சேட்டா, புது ஆளு" என்றாள் அக்கா.

ஜீப்பே சிரித்தது. அவர் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டார். தாள் எதுவும் கேட்காமல் நான் கடந்த முதல் எல்லை அதுதான். அக்காவின் துண்டுக்குள் என் காது சூடேற ஆரம்பித்தது. எதிரே, ஸ்காட்லாந்துக் குல்லாவிலிருந்து வெளியே வந்த அவள் கொண்டை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலையாட்டிக்கொண்டே மலையேறியது.