நூலில் அளந்த முழங்கால்

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்திருக்கிறது, ஈப்போ டவுனுக்குப் போய் முட்டிக்கு ஓர் உறை வாங்கிப் போடுங்கள் என்றார். பிறகு நோட்டை எடுத்து என்னவோ எழுதினார். எனக்கு என் பேரைப் போடத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவர் எழுதியது இங்கிலீஷ். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். மருந்துக் கணக்கு என்றார். நான் நம்பவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. ரப்பர் பால் வெட்ட முடியாதவர்களை முதலில் புல் வெட்ட அனுப்புவார்கள், கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாம் என்பார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவது நின்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மகள் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூரை என் ஒருத்தி வேலையில்தான் நின்றது. அதனால் என் முட்டி வலி யாருக்கும் தெரியக் கூடாது. டிரெஸ்ஸர் ஒருவருக்குத் தெரிந்ததே எனக்கு அதிகமாகப் பட்டது. அவர் நோட்டு ஆபீசுக்குப் போனால் என் கதி அவ்வளவுதான்.

எனக்கு ஒதுக்கிய மரங்களில், என் நிரையில், எல்லாம் தாழ்ந்த வெட்டு. மரத்துக்கு மரம் குந்தி, கோடு இழுத்து, எழுந்து நடக்க வேண்டும். குந்துவதுகூடப் பரவாயில்லை. எழும்போதுதான் உயிர் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் பாயில் காலை நீட்டி, முட்டியைச் சுற்றி நூல் விட்டு அளந்து, முடிச்சுப் போட்டுச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டேன். கடைக்காரன் அளக்கிறேன் என்று காலைத் தொடுவான். அதற்கு நான் ஆளில்லை.

ஈப்போவில் ஒரு மருந்துக்கடைச் சீனர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. இதுதான் நல்லது, கால் ஆடாது என்றார். அதைக் கட்டிக்கொண்டு எப்படிக் குந்துவது? கைலிக்கு மேலே புடைத்துக்கொண்டு ஊருக்கே தெரியும். விலை கூடியதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மற்றதை, காலுறை மாதிரி இழுத்துப் போடும் உறையை, கேட்டேன். நூலை வைத்து அளந்து பார்த்து ஒன்று கொடுத்தார்.

மறுநாள் பாதி நிரை வரை சுகமாக இருந்தது. அப்புறம் கெண்டைக்கால் மரத்தது. பால் எடுக்கும் நேரத்தில் கால் விரல்களில் ஊசி குத்தியது. ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து கழற்றினேன். சதையில் கயிறு கட்டிய மாதிரித் தடம். பழைய சரக்கு, சுருங்கிப்போனதை என் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன்.

பாலை நிறுத்துக் கொடுத்ததும் குளித்துவிட்டு, உறையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன், சண்டை போடத்தான். எனக்கு வந்த மலாயில் ஏமாற்றிவிட்டீர்கள் என்று சொன்னேன். அவர் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா என்னை மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் கூட்டிப் போய் நிற்கச் சொன்னாள். என் சுருக்குப் பை நூலை வாங்கி என் முட்டியிலேயே சுற்றினாள். நூல் இரண்டு விரல் அகலம் போதவில்லை. அவள் முடிச்சைத் தள்ளியிருப்பாளோ என்று, பிடுங்கி நானே சுற்றினேன். அப்போதும் அதே இரண்டு விரல்.

"பாகி கெச்சில், பெத்தாங் பெசார்லா," என்றாள். காலையில் சின்னது, சாயங்காலம் பெரியது.

நூலில் குற்றமில்லை. ராத்திரி முழுக்க ஓய்ந்து கிடந்த காலை அளந்தவள் நான்தான். வேலை செய்து வீங்கிய காலுக்குத்தான் உறை வேண்டும். அவள் முட்டிக்கு மேலும் கீழும்கூட அளந்து, உள்ளே ஒரு விரல் நுழையும்படி வேறொன்று மாட்டிவிட்டாள். ராத்திரி கழற்றிவிடச் சொன்னாள். ஒரு தடவை போட்டதை மாற்றிக் கொடுத்தார்களே, இதில் என்ன சூது என்று பஸ்ஸில் திரும்பத் திரும்ப யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த உறை வலியை எடுத்துவிடவில்லை. எழும்போது கால் நம்மைக் கைவிடாது என்று ஒரு தைரியம், அவ்வளவுதான். எனக்கு அது போதும். தினமும் சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயவைத்தால் லயமே பார்க்கும் என்று அடுப்பங்கரையில் விறகுக்குப் பின்னால் போட்டு வைப்பேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் பெரட்டு கலையும்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னை நிறுத்தினார். என்னைவிடச் சின்னவர். "அக்கா, ஒங்களுக்குக் கால் முடியலன்னு பேசிக்கிறாங்க. புல் வெட்டுக்குப் போறீங்களா?" என்றார்.

யார் பேசியது என்று கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. என் நிரைக்கு வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார். அவர் பின்னால் நிற்க, ஒரு வரிசை முழுக்கக் குந்தி எழுந்து வெட்டினேன். உள்ளே உறை வியர்வையில் ஊறிக் கிடந்தது. அவர் கண் கைலியிலேயே இருந்தது.

"மரத்தப் பாருங்க தம்பி. காயம் இருக்கா? என் காலு ஒங்களுக்கு எதுக்கு?"

குனிந்து பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மரத்திலும் கத்தி ஆழமாகப் போகவில்லை. "சரி, வெட்டுங்கக்கா," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பெரட்டில் என் பேரை அந்த நிரைக்கே கூப்பிட்டார்.

அந்த வாரம் தைலம் வாங்கப் போனபோது, உறை வாங்கினீர்களா, சரியாக இருக்கிறதா என்று டிரெஸ்ஸர் அன்பாகத்தான் கேட்டார். நோட்டு திறந்திருந்தது.

"இல்லங்கய்யா," என்றேன். "வலி தானா போயிருச்சு."