டாக்டருக்குத் தெரியாமல் கட்டிய தாயத்து

எழுபத்தைந்தில், எமர்ஜென்சி சமயம், தலைநகரின் கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து விழுந்து என் மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முதுகெலும்பு ஒடிந்தவர்களையே காலமெல்லாம் பார்த்த டாக்டர், "அடியில ஒரு பட்டன்கூட இருக்கக் கூடாதும்மா, உறுத்தினா அவனுக்குத் தெரியாது" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். நான் யார் சொல்லையும் கேட்டு வளர்ந்தவளில்லை. அவன் அரைஞாண் கயிற்றில் செப்புத் தாயத்தைக் கட்டிப் பின்பக்கம் மறைத்துவிட்டேன்.

அது அழுத்திப் புண்ணாகி, பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சதைக்குள்ளிருந்து எடுத்தார். என் விரலைப் பிடித்து அந்தக் குழிக்குள் வைத்தார்.

"எலும்பு தட்டுதா? அவனுக்கு வலிக்காது. உங்களுக்காவது வலிக்கட்டும்."

இப்போது தினமும் அவனுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் காப்பி குடிக்கிறேன். "இன்னிக்கு என்னம்மா கட்டியிருக்கே?" என்று சுவரைப் பார்த்தபடியே அவனும் தினமும் கேட்கிறான்.